தார் தூக்கிய காத்தமுத்து மூச்சு விடக் கற்றது

நான் பார்க்கப் போன அன்று காத்தமுத்து மல்லாந்து படுத்தபடியே, சுமைக்கு அடியில் வைக்கிற சும்மாடு முறுக்கிக்கொண்டிருந்தார். நெஞ்சின் மேல் வாழைச்சருகு ஒரு குவியல். அதிலிருந்து நாலைந்தை எடுத்து நீவி, புரியாக முறுக்கி, வளையமாகச் சுற்றி, பழைய வேட்டிக் கிழிசலால் இறுக்கிக் கட்டுவார். கண் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். கை மட்டும் தன் வேலையைச் செய்யும். பலகைக்குப் பக்கத்தில் ஏழெட்டுச் சும்மாடுகள் முடிந்து கிடந்தன.

"யாருக்கு அண்ணே இத்தனை?"

"செட்டு ஆளுங்களுக்குத்தான் நர்ஸம்மா. நான்தான் தூக்கல, நான் முறுக்குனதாவது மார்க்கெட்டுக்குப் போகட்டும்."

"டாக்டர் அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"முதுகைத்தானே சொன்னாரு? கையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

இது 1958ஆம் ஆண்டு பங்குனி மாதம். ஸ்ரீரங்கத்தில் மேலூர் சாலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார் அவர். நான் அப்போது திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் நர்ஸ். தினமும் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அவர் வீட்டில் ஐந்து நிமிடம் நின்று, கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போவேன். முதுகில் நரம்பு அழுந்தினால் அந்த விரல்தான் முதலில் சோர்ந்து போகும்.

காத்தமுத்துவுக்குச் சொந்த ஊர் தொட்டியம். பதினேழு வயதில் வாழைத்தார் ஏற்றிய வண்டியோடு வந்தவர் காந்தி மார்க்கெட்டிலேயே தங்கிவிட்டார். லாரியிலிருந்து தாரை இறக்கித் தோளில் சுமந்து மண்டிக்குள் கொண்டுபோய் அடுக்குவது வேலை. இருபத்து நாலு வருடம் அதைச் செய்தார். தோளுக்கு ஒன்றாக இரட்டைத் தார்.

கூட்டாகச் சுமை தூக்கும் அவர்கள் செட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தோளில் ஏறிய தார் மண்டியில்தான் இறங்க வேண்டும். வழியில் இறக்கி வைப்பது அவமானம். மாசி மாதம் ஒருநாள் வாழைத்தண்டுச் சேற்றில் கால் வழுக்கியபோது இடுப்பில் ஏதோ படக்கென்றது. அப்போதும் அவர் இறக்கவில்லை. மிச்சம் இருந்த முப்பது அடியையும் நடந்து முடித்து, தாரை வைத்துவிட்டு, அங்கேயே விழுந்தார். வழுக்கியது கெடுத்ததைவிட அந்த முப்பது அடி கெடுத்ததுதான் அதிகம் என்பது என் கணிப்பு.

ஆறு வாரம் பலகையில் படுக்கை என்றார் டாக்டர். படுத்தார். எழுந்தபோது வலி பாதியாகக் குறைந்திருந்தது. பயம் இரண்டு மடங்காகியிருந்தது. குனிந்து சொம்பை எடுக்க மாட்டார். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். ராத்திரி தூக்கம் கிடையாது. பகலில் கோபம். ஒருநாள் கஞ்சித்தட்டைத் தெருவுக்கு வீசினார். அவர் மனைவி வள்ளிக்கண்ணு அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"முதுகுக்கு மருந்து குடுத்தீங்க. இந்த வாய்க்கு ஏதாச்சும் இருந்தா குடுங்க நர்ஸம்மா. விஜயதசமி வரைக்கும் நான் உயிரோட இருக்கணும்ல?"

விஜயதசமியை அவள் சும்மா சொல்லவில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள்தான் மேஸ்திரி தர்மராஜ் செட்டில் இருப்பவர்களின் பெயரைப் புதிதாகக் கூப்பிடுவார். ஒரு மாதத்துக்கு மேல் வேலைக்கு வராதவன் அன்று எல்லார் முன்னாலும் இரட்டைத் தாரை ஒற்றை ஆளாகக் கொண்டுபோய் வைத்துக் காட்ட வேண்டும். வைத்தால் பெயர் கூப்பிடப்படும். வைக்காவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு. காத்தமுத்துவுக்கு வேறு தொழில் தெரியாது. எழுத்தும் தெரியாது. நாற்பத்தொரு வயதில் அந்தப் பெயர் ஒன்றுதான் அவரிடம் இருந்தது.

அற்புதசாமி வந்தது இந்த நேரத்தில்தான். எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த டிரில் மாஸ்டர். முப்பது வயது இருக்கும். டிரில் படிப்போடு யோகாசனமும் கற்றவர். காலையில் அம்மா மண்டபத்துக்குக் கீழே காவிரி மணலில் துண்டை விரித்து ஆசனம் போடுவார். "மாதா கோயிலுக்குப் போற ஆளு பத்மாசனம் போடுறாரு பாரு" என்று குளிக்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள். "எங்க ஃபாதரே தோள்வலிக்கு என்கிட்டதாங்க கேட்டுக்கிறாரு" என்று சிரித்துக்கொண்டே உடம்பை வளைப்பார்.

காத்தமுத்துவை அனுப்பச் சொல்லி அவரே வந்து கேட்டார். எனக்கு நம்பிக்கை இல்லை. வைத்தியம் என்ற பெயரில் முதுகை மிதித்துவிடுவது, எண்ணெய் போட்டு இழுத்துவிடுவது எல்லாம் முடிந்து கடைசியில் எங்கள் வார்டுக்கு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருந்தேன்.

"முன்னால குனியற ஆசனம் எதுவும் கூடாது மாஸ்டர். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும். கால் மரத்துப்போச்சுன்னா அன்னியோட நிறுத்திடணும்."

"சரிங்க சிஸ்டர். குப்புறப் படுத்துச் செய்யறது நாலு, மல்லாந்து செய்யறது ரெண்டு, கடைசியில சவாசனம். அவ்வளவுதான்."

டாக்டர் சரி என்றார். சித்திரை முதல் வாரம் ஆரம்பித்தார்கள். எட்டாம் நாள் காலை ஏழு மணிக்கு வள்ளிக்கண்ணு என் வீட்டுக்குள் ஓடி வந்தாள். காத்தமுத்து மணலில் மயங்கி விழுந்துவிட்டாராம்.

போய்ப் பார்த்தேன். முகம் வெளுத்து, வேர்த்துக் கிடந்தார். நாடி பலவீனமாக ஓடியது. காலைத் தூக்கி வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, துணியைத் தளர்த்தலாம் என்று இடுப்பில் கை வைத்தேன். கட்டு அசையவில்லை. வேட்டிக்கு மேல் நாலு முழத் துண்டை இரண்டு சுற்றாகச் சுற்றி, மூட்டை கட்டுவதுபோல் முடிச்சுப் போட்டிருந்தார்.

"இது எதுக்கு அண்ணே?"

கண்ணைத் திறந்து என்னை ஏதோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கட்டாம எப்படிம்மா தம் கட்டுறது?"

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தார் தூக்குகிறவர்கள் இடுப்பில் துண்டை இறுக்கி, மூச்சை முழுக்க இழுத்து அடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவார்கள். வைத்த பிறகுதான் மூச்சு விடுவார்கள். இருபத்து நாலு வருடமாக அவர் உடம்பு அந்த ஒரு வழியைத்தான் அறிந்திருந்தது. ஆசனத்தையும் ஒரு தாராகவே நினைத்துத் தூக்கியிருக்கிறார். புஜங்காசனத்தில் நெஞ்சை உயர்த்துவதற்கு முன் தம் கட்டியிருக்கிறார். மாஸ்டர் பத்து எண்ணச் சொன்னால் இவர் ஐம்பது எண்ணுவார். சவாசனத்தில்கூடக் கைகால்களை விறைத்துக்கொண்டு கிடந்தாராம். அப்படி மூச்சை அடக்கி முக்கினால் நெஞ்சுக்குத் திரும்புகிற ரத்தம் குறைந்துவிடும். எழுந்ததும் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

அற்புதசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் பார்க்காம விட்டுட்டேன் சிஸ்டர். ஸ்கூல் பசங்களுக்கு மூச்சை இழுக்கத்தான் சொல்லித்தரணும். இவருக்கு விடச் சொல்லித்தரணும்போல."

அது சுலபமாக இல்லை. துண்டை அவிழ்த்தால் அன்றைய வேலை முடிந்துவிட்டது என்று காத்தமுத்துவின் உடம்பு நினைத்துக்கொண்டது. துவண்டு போனார். மூச்சை விடுங்கள் என்றால் விட்டுவிட்டு, உடனே இழுத்து அடக்கிக்கொள்வார். அவருக்கே தெரியாமல் அது நடந்தது. நாலைந்து நாள் பார்த்துவிட்டு அற்புதசாமி ஒரு வழி கண்டுபிடித்தார்.

"உங்க ஊர்லேர்ந்து திருச்சிக்கு பஸ்ல வந்தா எந்தெந்த ஊரு வரும்? ஆசனத்துல இருந்துக்கிட்டே சொல்லுங்க. வாய்விட்டுச் சொல்லணும்."

பேசுகிறவனால் மூச்சை அடக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். மறுநாளிலிருந்து அம்மா மண்டபத்தில் குளிப்பவர்களுக்கு நல்ல வேடிக்கை. குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கிக்கொண்டு காத்தமுத்து, "தொட்டியம்... முசிறி... குணசீலம்... நொச்சியம்..." என்று கூவிக்கொண்டிருப்பார்.

"டிக்கெட் வாங்கியாச்சா?" என்று யாராவது படியிலிருந்து கேட்பார்கள்.

ஒரு மாதம் முன்பு என்றால் அவர் கல்லை எடுத்திருப்பார். இப்போது நொச்சியம் வரை போய்விட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். "ஏறுறதா இருந்தா ஏறுங்க, படியில நிக்காதீங்க" என்றார்.

நான் அளந்து பார்க்கிற பழக்கம் உள்ளவள். சித்திரையில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு இருபத்திரண்டு தடவை மூச்சு விட்டார். ஆடி மாதம் அது பதினாலாக இருந்தது. நாடி எண்பத்தெட்டிலிருந்து எழுபதுக்கு வந்தது. சுவரைப் பிடிக்காமல் குந்தி உட்காரவும் எழவும் முடிந்தது. தண்ணீர்க் குடத்தை முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினார். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தசை கயிறுபோல் எழும்பியிருந்தது. மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தோளிலும் காலிலும் இருக்கிற பலம் இடுப்பில் இருக்காது. அந்த இடத்தைத் துண்டிடம் ஒப்படைத்துவிடுவார்கள். இவருக்கு முதல் தடவையாக அந்த இடம் தானாக வேலை செய்தது.

ஆசனம் அவருடைய தேய்ந்த முதுகைப் புதிதாக்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. முதுகெலும்பில் விலகியது விலகியதுதான். ஆனால் பயந்த உடம்பு விறைப்பாக இருக்கும், விறைத்த உடம்பு மேலும் வலிக்கும், வலித்தால் தூக்கம் போகும், தூக்கம் போனால் பயம் கூடும். செக்குபோல் சுற்றுகிற அதை மாத்திரை கொடுத்து ஒரு ராத்திரிக்கு நிறுத்தலாம். காத்தமுத்து அதைத் தினமும் தன் கையாலேயே நிறுத்தினார். படுத்ததும் காலிலிருந்து தலை வரை ஒவ்வொரு இடமாகத் தளர்த்திக்கொண்டு வருவார். முழங்காலைத் தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிடும் என்று வள்ளிக்கண்ணு சொன்னாள்.

"இப்ப சண்டை போடத்தான் ஆள் இல்ல நர்ஸம்மா. நான் கத்துனா, கண்ணை மூடி மூச்சை விடுறாரு. எனக்குத்தான் கோவம் கோவமா வருது."

வார்டில் நாள் முழுக்க நின்று எனக்கும் இடுப்பு போய்க்கொண்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அதில் மூன்று ஆசனங்களை நானும் ஆரம்பித்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காவிரியில் தண்ணீர் வந்து மணல் மறைந்தது. ஆசனம் மண்டபத்துக் கல்தரைக்கு மாறியது. ஆவணியிலிருந்து ஒற்றைத் தார் தூக்கிப் பழகினார். அதற்கு மேலே போக நான் ஒப்பவில்லை, டாக்டரும் ஒப்பவில்லை. செட்டு வழக்கமோ இரட்டை. "காட்டித்தான் ஆகணும்மா. இல்லேன்னா பேரு போயிடும்" என்றார். குரலில் முன்பு இருந்த பதற்றம் இல்லை. தீர்மானம் மட்டும் இருந்தது.

விஜயதசமி அன்று எனக்கு விடுமுறை. வள்ளிக்கண்ணு வரமாட்டேன் என்றுவிட்டாள். "என்னால பார்க்க முடியாது. விழுந்தா தூக்கிட்டு வர நீங்க இருங்க" என்றாள். பையில் கட்டுத்துணியும் மருந்தும் எடுத்துக்கொண்டு போனேன்.

காந்தி மார்க்கெட்டில் ஜெகபர் அலி பாயின் வாழை மண்டி முன்னால் லாரி நின்றது. லாரியிலிருந்து மண்டியின் உள்சுவர் வரை எண்பது அடி இருக்கும். நடுவில் ஒரு திருப்பம். செட்டு ஆட்கள் பதினாலு பேரும் பூஜைச் சந்தனம் காயாத நெற்றியோடு வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி தர்மராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னய்யா காத்தமுத்து, உடம்பை வளைச்சு வளைச்சு ரப்பராக்கிட்டியாமே?"

மூக்கன் என்ற ஆள், "சாமியாராப் போவாருன்னு பார்த்தோம், தார் தூக்க வந்துட்டாரு" என்றான்.

"நான் சாமியாராப் போனா உனக்குச் சும்மாடு யாருடா முறுக்கிக் குடுப்பா?" என்று சொல்லிவிட்டு, காத்தமுத்து லாரியடியில் போய் நின்றார்.

இரண்டு பூவன் தார். தோளுக்கு ஒன்று. ஏற்றிவிட்டவன் கையை எடுத்ததும் நடந்தார். தொட்டியம், முசிறி என்று உதடு அசைந்துகொண்டிருந்தது. முதுகு நேராக இருந்தது. நாற்பது அடி எந்தத் தடங்கலும் இல்லை. திருப்பத்தில் வலது கால் தரையில் பதிவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதம் கொஞ்சம் தட்டையாக விழுந்தது. அவரும் அதைக் கண்டுகொண்டார். நின்றார்.

அவர் மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே முழங்காலை மடக்கினார். முதுகு வளையாமல் அப்படியே குந்தினார். தார்க்காம்பு இரண்டும் தரையைத் தொட்டன. ஒன்றைச் சுவரில் சாய்த்தார். பிறகு மற்றதையும் சாய்த்தார்.

மூக்கன் ஓடினான். "தொடாத மூக்கா" என்றார் காத்தமுத்து.

நான் போய்க் கால் கட்டைவிரலைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார்.

"வலிக்குதா?"

"வலி இல்லம்மா. லேசா மரத்துச்சு. ரெட்டை ஆகாது. ஒத்தைன்னா போவேன்."

கொஞ்ச நேரம் நின்று மூச்சு விட்டார். பிறகு குந்தி, ஒரு தாரை யாரும் கை கொடுக்காமல் தரையிலிருந்தே தோளுக்கு ஏற்றி, கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து மற்றதை எடுத்துப் போனார்.

"வழியில எறக்கியாச்சு. பேரு கெடையாது" என்றார் தர்மராஜ்.

எல்லாரும் காத்தமுத்துவின் கையைத்தான் பார்த்தார்கள். பழைய ஆளாக இருந்தால் மேஸ்திரியின் சட்டை கிழிந்திருக்கும்.

"நீங்க சொல்றது சரிதாங்க மேஸ்திரி, எறக்கினேன். மாசி மாசமும் இதே மாதிரி எறக்கியிருந்தா இத்தனை நாள் படுத்திருக்க மாட்டேன்."

குரல் உயரவில்லை. அவர் வாழ்க்கையில் மிகப் பெரிய பாரத்தை அந்த நிமிடம்தான் சுமந்தார் என்று எனக்குத் தோன்றியது. பெயர் போகும் என்று தெரிந்தே இறக்கினார். எத்தனையோ நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று உடம்பு சொல்வதைக் கேட்டு, வெட்கப்படாமல் நிறுத்துகிறவர்கள் குறைவு.

மண்டிக்குள்ளிருந்து ஜெகபர் அலி பாய் வந்தார். இறக்கி வைத்த தார் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு காய்ல அடி பட்டிருக்கா, காட்டுங்க மேஸ்திரி."

"அதுக்கும் இதுக்கும் என்ன பாய்?"

"ரஸ்தாளி தோல் இந்தப் பூவனைவிட மெல்லிசு. உங்க ஆளுங்க ரெட்டையாத் தூக்கிட்டு வந்து பொத்துனு போடுறாங்க. பச்சையில தெரியாது. பழுத்ததும் கறுப்புக் கறுப்பா நிக்குது. ரஸ்தாளிக்கு ஒத்தையா, பதமா எறக்கி வைக்க ஒரு ஆளு குடுங்கன்னு மூணு வருஷமா கேக்குறேன். இவரைக் குடுங்க."

"ஒத்தை தூக்குறவனைச் செட்டுல வெச்சா, நாளைக்கு எல்லாப் பயலும் ஒத்தை கேப்பான்."

"கேட்டா கேக்கட்டுமே. முதுகு நல்லா இருக்கிறவன் யாருன்னு கையைத் தூக்கச் சொல்லுங்க, பார்ப்போம்."

ஒரு கையும் உயரவில்லை. வரிசையில் யாரோ சிரித்தார்கள். தர்மராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தார். பதினாலு பெயரும் முடிந்தன. பாயை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"காத்தமுத்து. ரஸ்தாளி. ஒத்தை."

"இருக்கேங்க" என்றார் காத்தமுத்து.

அதன் பிறகு 1967 வரை அதே மண்டியில் ரஸ்தாளி சுமந்தார். இடையில் இரண்டு தடவை முதுகு பிடித்தது. இரண்டு தடவையும் நாலே நாளில் எழுந்துவிட்டார். செட்டில் நாலு பேர் அம்மா மண்டபத்துக்கு வர ஆரம்பித்தார்கள். மூக்கன் இரண்டு நாள் வந்துவிட்டு, "அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறதே ஒரு ஆசனம்" என்று நின்றுவிட்டான். அற்புதசாமி வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போன பிறகும் காத்தமுத்து ஒருநாள்கூடத் தவறவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தால் என்னுடையதைவிட ஒழுங்காக இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு.

அதெல்லாம் பின்னால் வந்தவை. விஜயதசமிக்கு மறுநாள் காலையில், வழக்கம்போல் மண்டபத்தில் முக்கால் மணி நேரம் ஆசனம் செய்துவிட்டு, பஸ் பிடித்து மார்க்கெட்டுக்குப் போனார். தொட்டியத்திலிருந்து வந்த லாரியில் இருபத்திரண்டு ரஸ்தாளித் தார் இருந்தது. ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றிக் கொண்டுபோய், குந்தி, காம்பைத் தரையில் ஊன்றி, சுவரில் சாய்த்து வைத்தார். இருபத்திரண்டும் முடிந்ததும் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த லாரிக்குப் போய் நின்றார்.